அரிசிக் கப்பலுக்காக நீங்கள் கேட்ட வசை

அன்புள்ள அண்ணாச்சி,

இன்று காலை பதுளைக் கடைத்தெருவில் மரவள்ளிக் கிழங்கு வேகும் வாசனை வந்தது. கால் அங்கேயே நின்றுவிட்டது. தேயிலை விலை விழுந்து, தோட்டத்து ஆட்கள் சந்தைக்கு வருவது குறைந்திருக்கிறது. தேநீர்க் கடையில் ஒருவர், "இந்த மெம்பர் வந்ததுலேருந்தே இப்படித்தாங்க. ராசி கெட்ட மனுசன்" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நாளை மறுநாள் நகரசபைத் தேர்தல். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

நீங்கள் கண்மூடிப் போய் இது இரண்டாவது மழைக்காலம். நீங்கள் மெம்பராக இருந்தபோதும் இதையேதான் சொன்னோம்.

இந்தியாவிலிருந்து அரிசிக் கப்பல் வராத வருடம் அது. ஜவுளிக்கடை வைத்திருந்த உங்களுக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் கடை வாசலில் பெண்கள் மறித்துக் கேட்டார்கள்: "சேல இருக்கட்டும் மெம்பரய்யா, அரிசி எங்க?"

"எம் பொஞ்சாதியும் அதத்தாம்மா கேக்குறா" என்று சிரித்தீர்கள். எங்கள் வீட்டிலும் மூன்று வேளையும் கிழங்குதான். சின்னவள் தட்டைத் தள்ளிவிட்டு அழுவாள்.

அந்த வருடமே தேர்தலும் வந்தது. இங்கே வாக்கை எல்லோர் முன்னும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அரசாங்கக் கச்சேரியில் தேர்தல் அதிகாரி என்னைக் கூப்பிட்டபோது நீங்கள் இரண்டடி தள்ளி நின்றீர்கள். நான் உங்களை எதிர்த்து நின்றவர் பெயரைச் சொன்னேன்.

நீங்கள் தோற்றீர்கள். சில வாரங்களில் கப்பல் வந்தது. புதிய மெம்பருக்கு மாலை போட்டோம். போட்டவர்களில் நானும் ஒருவன். பிறகு மனம் கேட்காமல் உங்கள் கடைக்கு வந்தேன். துணி மடித்துக்கொண்டே சொன்னீர்கள்: "விடுங்க வாத்தியாரே. முந்தி மழ நல்லா பேஞ்சு தேயிலக் கொழுந்து கொட்டுச்சு. அதுக்கு எனக்கு மால போட்டீங்க. வேணாம்னா சொன்னேன்? கழுத்த நீட்டிக்கிட்டுத்தானே நின்னேன்!"

ஓடையில் வெள்ளம் வந்து பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி வரும் பிள்ளையை நான் அடித்ததில்லை. முதலில் காரணம் கேட்பேன். உங்களிடம் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் ஒன்று புரிந்திருக்கும். அந்த வருடம் நீங்கள் கூடவே நின்று கடைத்தெருச் சாக்கடையைத் தூர்வார வைத்தீர்கள். மழைக்காலம் முழுக்க எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் காய்ச்சல் இல்லை. வராத காய்ச்சலுக்கு யார் மாலை போடுவார்கள்?

இப்போதைய மெம்பர் எதைச் செய்தார், எது அவர் தலையில் வந்து விழுந்தது என்று பார்க்க நாளை தெருத்தெருவாக நடக்கப் போகிறேன். முழங்கால் ஒத்துழைக்க வேண்டும். என் பயம் அதுவல்ல. அதிகாரி கேட்கும் நேரத்தில், பார்த்ததையெல்லாம் தள்ளிவிட்டு வயிறு முந்திப் பேசிவிடுமோ? நீங்கள் அவ்வளவு அருகில் நின்றபோதும் அன்றைக்கு அதுதானே பேசியது, அண்ணாச்சி.