சோபேக் மலைக்கு ஜனவரி வேண்டாம்

ஜனவரி 7, செவ்வாய்

நாற்பத்து நான்கு பகுதிகளில் நாற்பத்து மூன்று முடிந்துவிட்டது. பிப்ரவரி எட்டாம் தேதி ஜின்பு கணவாயை எட்டினால், தெற்கே ஜிரி மலையில் தொடங்கிய மலைத்தொடரை முழுக்க நடந்தவர்கள் ஆவோம். அதற்கு வடக்கே இருப்பது எல்லைக்கு அப்பால், நம்மால் போக முடியாத பக்கம்.

இரண்டு வருடத் திட்டமும் நான் போட்டது. முப்பது வருடம் ரயில்களுக்கு நேர அட்டவணை போட்டவனுக்கு இது பெரிய வேலையில்லை என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் ரயில் எல்லாப் பருவத்திலும் ஓடும். மலை அப்படியா? வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் காட்டுத்தீக்குப் பயந்து பாதைகளை மூடிவிடுவார்கள். மிச்சமுள்ள மாதங்களில்தான் எல்லாவற்றையும் பொருத்த வேண்டும். ஜிரி மே கடைசியில். தோகியு பனியில். சோபேக் ஜூன் முதல் வாரம், மலை முழுக்கப் பூ. சொராக் அக்டோபர் தொடக்கத்தில். ஒரு தேதிகூடப் பிசகவில்லை. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. சரி, பெருமைக்காகத்தான் எழுதுகிறேன்.

பாக்கி ஒன்றே ஒன்று. எங்கள் குழுவின் மல்சுன் விட்டுப்போன பத்தொன்பதாம் பகுதி, சோபேக்.

ஜனவரி 9, வியாழன்

குழுக் கூட்டம், பியோ வழக்கமாகச் சாப்பிடும் கஞ்சிக் கடையில். பியோ டாக்சி ஓட்டுகிறவன், வாய் சும்மா இருக்காது. இன்று வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டான்.

"தலைவரே, ஜூன்ல சோபேக் உச்சியில என் கணுக்கால் மடங்குச்சு. அந்தம்மாதான் என்னைத் தோள்ல தாங்கிக் கீழ கொண்டுவந்தாங்க. நீங்க எல்லாரும் பூவைப் பாத்துக்கிட்டே போயிட்டீங்க. நான் அதுக்கு முன்னாடியே, பிப்ரவரி மாசம், வேற குழுவோட சேர்ந்து அதை முடிச்சவன், எனக்குக் கணக்கு சரியாப்போச்சு. அவங்களுக்கு மட்டும் பாக்கியா? இது என்ன நியாயம்?"

"நியாயம் எல்லாருக்கும் ஒண்ணுதான். எங்க அம்மா செத்த வாரம் நான் விட்ட பகுதிய நானே தனியாப் போய் ஒட்டுப்போட்டேன்," என்றேன்.

விட்ட பகுதியைப் பின்னால் தனியாகப் போய் நடந்து முடிப்பதை இங்கே எல்லா மலைக்குழுக்களும் ஒட்டுப்போடுவது என்றுதான் சொல்கின்றன. பாத்திரத்து ஓட்டைக்கு ஈயம் வைப்பதுபோல. ஒட்டுப்போடாதவர் பெயர், முழுத் தொடரையும் முடித்தவர்களுக்காகப் பொறிக்கும் பலகையில் ஏறாது. பாதியில் இறங்கினால் அந்த ஒட்டும் செல்லாது, முதலிலிருந்து நடக்க வேண்டும். விதி நான் உண்டாக்கியதில்லை. ஆனால் என் அளவுக்கு யாரும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கியதில்லை.

மல்சுன் கையை ஆட்டினாள். "விடுங்க பியோ. இனாமா வர்ற பேரு எனக்கு எதுக்கு? தலைவரே, எனக்கு ஒரு தேதி குறிச்சுக் குடுங்க. மே மாசம் போயிட்டு வந்துடறேன்."

மே வரை பலகை காத்திருக்காது என்றேன். சந்திரப் புத்தாண்டு விடுமுறைக்கு முன், இருபத்தெட்டாம் தேதிக்குள், பொறிப்பவரிடம் பட்டியல் போக வேண்டும்.

"புத்தாண்டுக்கு முன்னாடியா! எங்க கடையில அப்பத்தான் ஊரே வந்து நிக்கும்," என்று சிரித்தாள். சந்தையில் தொடுகறி வகைகள் விற்கும் கடை. அவளும் கணவர் மின்னும்தான் ஆட்கள்.

ஜனவரி 12, ஞாயிறு

தேதி கொடுத்துவிட்டேன். 26, ஞாயிறு. பிரோபோங் சிகரத்தில் தொடங்கி, குங்மாங் சிகரம் வழியாகக் கோச்சி கணவாய் வரை. பதினான்கு கிலோமீட்டர். நேரப் பட்டியல் புதிதாகப் போடவில்லை. ஜூன் மாதத்துப் பட்டியலையே நகல் எடுத்து, ஒவ்வொரு வரியிலும் இருபது நிமிடம் கூட்டிக் கொடுத்தேன்.

இருபது நிமிடம்.

ஜனவரி 20, திங்கள்

பழைய நோட்டைப் புரட்டும்போது கண்ணில் பட்டது. திட்டம் போட்ட முதல் வாரத்தில் நானே எழுதியிருக்கிறேன்: 'சோபேக் - ஜனவரி வேண்டாம். காற்று.' அடியில் இரண்டு கோடு வேறு.

மல்சுனைக் கூப்பிடலாமா என்று யோசித்தேன். அவள் குளிரில் நடக்காதவளா? தோகியுவில் என் முன்னால் நடந்தவள்தானே. கூப்பிடவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

பகல் 12:40-க்கு மல்சுன் மலையிலிருந்து அழைத்தாள். இப்போது மாலை ஆறு. அதற்குப் பிறகு எடுக்கவில்லை. மின் இரண்டு முறை என்னைக் கூப்பிட்டுவிட்டார். மீட்புக் குழுவுக்குச் சொல்லியாயிற்று.

ஜனவரி 27, திங்கள்

காலை கண்டுபிடித்துவிட்டார்கள். குங்மாங் சிகரத்தைத் தாண்டி ஒன்றரைக் கிலோமீட்டரில், பாதை ஓரம், பையில் சாய்ந்து உட்கார்ந்தபடி. ஒரு கையில் உறை இல்லை.

மீட்புக்காரர் கேட்டார்: "கடைசியா உங்ககிட்டதான் பேசியிருக்காங்க. என்ன சொன்னாங்க?"

"காத்து பலமா இருக்குன்னாங்க. கவனமா இருங்கன்னேன்."

அவர் எழுதிக்கொண்டார்.

ஜனவரி 30, வியாழன்

சொன்னது அதுவா? இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

அவள் குங்மாங்கில் இருந்தாள். காற்றில் பாதி வார்த்தைதான் கேட்டது. "தலைவரே, விரல் மரத்துப்போச்சு. இங்கேருந்து கோயில் பக்கம் இறங்கற வழி தெரியுது. இறங்கிடட்டுமா?"

நான் பட்டியலைக் கையில் வைத்திருந்தேன். அவள் ஐம்பது நிமிடம் பின்தங்கியிருந்தாள். எனக்கு அதுதான் கண்ணில் பட்டது.

"இறங்கினா இது செல்லாது மல்சுன். மறுபடி பிரோபோங்லேருந்து வரணும். மோசமான ஏத்தம் முடிஞ்சுபோச்சு, இனிமே இறக்கம்தான்."

பிறகு, "அப்படியா. சரி, போறேன்," என்றாள்.

வீட்டில் உட்கார்ந்திருந்தேன் நான். கணப்பால் சூடான தரையில், காலை நீட்டிக்கிட்டு. நான் எப்படி அதைச் சொன்னேன்? எனக்கு என்ன தெரியும்னு சொன்னேன்?

பிப்ரவரி 8, சனி

ஜின்பு கணவாய்க்கு நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். பதினோரு பேர் போனார்கள்.

பிப்ரவரி 19, புதன்

என் மனைவி தோக்கி சந்தைக்குப் போய் வந்தாள். மின் கடையைத் திறந்துவிட்டாராம். ஆனால் வருகிறவர்களிடமெல்லாம் செத்தவளைத் திட்டுகிறாராம். "பலகையில பேரு வரணும்னு உயிரை விட்டா. பைத்தியக்காரி. வீட்டுல ஒருத்தன் இருக்கானேன்னு நினைச்சாளா? ஒரு அடி திரும்பியிருந்தா போதும்."

"பாவம், அவரும் என்ன பண்ணுவாரு," என்றாள் தோக்கி. "ஆனா அந்தம்மாவுக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாதுங்க."



மார்ச் 15, சனி

மல்சுனுக்கு நாற்பத்தொன்பதாம் நாள் வழிபாடு, நகருக்கு வெளியே உள்ள பௌத்தக் கோயிலில்; இறந்தவர் இந்த உலகை விட்டுக் கிளம்பும் நாள். குழு முழுக்க வந்திருந்தது. துறவி மணி தட்டி முடித்ததும் எல்லோரும் ஒவ்வொருவராக அவள் படத்தின் முன் விழுந்து வணங்கினோம். மின் விழவில்லை. கால் மடக்கி உட்கார்ந்தபடியே இருந்தார்.

"எழுந்து வாங்க அண்ணே, இன்னிக்கோட அவங்க கிளம்பிடுவாங்க," என்று பியோ தொட்டுக் கூப்பிட்டான்.

"கிளம்பட்டும். முப்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்தினவ. எறங்கி வர்ற வழி கண்ணு முன்னாடி இருந்திருக்கு. மேலதான் போவேன்னு போனாளே, அவளுக்கு நான் எதுக்கு வணங்கணும்?"

யாரோ, "பிடிவாதம்தான்," என்றார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

நானும் ஆட்டினேன். அவள் படத்துக்கு நேராக நின்றுகொண்டு ஆட்டினேன்.

மார்ச் 16, ஞாயிறு

தூங்கவில்லை. தோக்கியிடம் சொல்லிவிட்டேன். "இதை என்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 17, திங்கள்

மத்தியானம் மின்னிடம் போனேன். கடையில் கூட்டமில்லை. மின் வெள்ளரி நறுக்கிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், நான் நின்றேன். முழுவதும் சொன்னேன். அவள் கேட்டது, நான் சொன்னது, அவள் "சரி, போறேன்" என்றது.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றுகூட நினைத்தேன்.

கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். "அப்போ அவ எறங்கிடட்டுமான்னு கேட்டாளா?"

"கேட்டா."

"அவளே கேட்டாளா? அந்த வார்த்தையேவா சொன்னா?"

"அந்த வார்த்தையேதான்."

துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. பிறகு சின்னக் குரலில், "முந்தாநேத்து அவ வழியனுப்பு. நான் ஒரு தடவைகூட விழுந்து வணங்கலையே," என்றார்.

வாடிக்கைக்காரப் பெண் ஒருத்தி வந்து முள்ளங்கி ஊறுகாய் அரைக் கிலோ கேட்டாள். அவருக்குக் கேட்கவில்லை. நான் எடுத்து நிறுத்துக் கொடுத்தேன்.