லைசென்ஸுக்காக நான் சொன்ன பொய்

அன்பு மகளுக்கு அம்மா எழுதறது. இங்க நான், அப்பா, தம்பி மூணு பேரும் சுகமா இருக்கோம். நீ வேளைக்குச் சாப்பிட்டு, ஷிப்ட் முடிஞ்சதும் ஒழுங்காத் தூங்கினா எனக்கு அதுவே போதும். கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து அப்பாவுக்கு வீட்டுல எந்த மூலையில தூசி இருந்தாலும் தெரியுது, எனக்குத்தான் வேலை கூடிப்போச்சு. தம்பி மீசை வளர்க்கறானாம், உத்துப் பார்த்தாத்தான் தெரியும். நீ அனுப்பின புது லைசென்ஸ் போட்டோவை அவன்தான் போன்ல பெரிசாக்கிக் காட்டினான். நான் சீட் கவர் தைக்கிற கடைக்கும் போனை எடுத்துட்டுப் போய், மிஷினை எல்லாம் நிறுத்தச் சொல்லி, என் பொண்ணு ஆம்புலன்ஸ் ஓட்டறா, இந்தா பாருங்கன்னு காட்டினேன். முதலாளி, போதும்மா, இந்த வாரத்துல நாலு தடவை பார்த்தாச்சுன்னு கும்பிடு போட்டார். பார்த்தா என்ன, தேய்ஞ்சா போயிடும்?

ஆனா ஒரு விஷயத்தைச் சொல்லாம இந்தப் பெருமை எனக்கு ஒட்டலை. போன்ல சொல்ல வாய் வரலை, அதான் எழுதறேன். லைசென்ஸ் முடியப் போகுதுன்னு நீ கேட்டப்போ, நம்ம ஊர் ஆபீஸ்ல விசாரிச்சேன், நேர்ல வந்தாத்தான் புதுப்பிப்பாங்களாம்னு சொன்னேனே, அது பொய்டி. நான் அந்த ஆபீஸ் பக்கமே போகலை. ரெண்டு வருஷமா உன்னைப் பார்க்கலை, இந்தச் சாக்குலயாவது நாலு நாள் வந்து இருப்பியேன்னு ஆசை. தேதி தாண்டினா உன்னை வண்டியில ஏற விடமாட்டாங்க, வேலைக்கே உலை வைக்கிறோம்னு என் மண்டையில உறைக்கலை. இருக்கறதே ரெண்டு டிரைவர், லீவு இல்லைன்னுட்டாங்கன்னு நீ சொன்னப்பக்கூட நான் வாயைத் திறக்கலை பாரு. அப்பாவுக்கு எல்லாம் தெரியும், அவர் தட்டைப் பார்த்துக் குனிஞ்சுக்கிட்டார்.

நீ தலையில கை வச்சு உட்காரலை. இருக்கற ஊர்லயே ஆபீஸைத் தேடிப் போயிருக்கே. விலாசத்துக்கு அத்தாட்சியா வாடகை ஒப்பந்தம் இல்லைன்னு திருப்பி அனுப்பினதும், அதை வாங்கிக்கிட்டு மறுநாள் ஷிப்ட் முடிச்ச கையோட யூனிபார்மோடவே வரிசையில நின்னு, டாக்டர் சர்டிபிகேட் கொடுத்து, விலாசத்தை மாத்தி, தேதிக்கு மூணு நாள் முன்னாடியே வாங்கிட்டே. ரிவர்ஸ் எடுக்கத் தெரியாம டெஸ்டுல மூணு தடவை பெயிலான பொண்ணா இது! அதுக்கப்புறம் என்கிட்ட என்ன சொன்னே? அந்த ஆபீஸ்ல யாரோ தப்பாச் சொல்லிட்டாங்கம்மா, பாவம் நீ வீணா அலைஞ்சிருப்பியேன்னு. அலைஞ்சேனாவது! உனக்குப் புரிஞ்சிருக்கும், புரிஞ்சும் என் மானத்தைக் காப்பாத்திட்டே. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சொல்லுவாங்க, முதல் பாதி சரிதான், ரெண்டாவது பாதி உன் விஷயத்துல சுத்தப் பொய். எனக்கு லைசென்ஸைவிட நீ சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் பெருமை. புது லைசென்ஸ்ல நம்ம வீட்டு நம்பர் இல்லைன்னு பார்த்ததும் முதல்ல அழுதேன், மறைப்பானேன். அப்புறம் உன் விலாசத்தைப் பெரிய எழுத்துல எழுதி மிஷினுக்கு மேல ஒட்டி வச்சிருக்கேன்.

வர வேண்டியவ நீ இல்லை, நான்தான். அடுத்த மாசம் பத்தாம் தேதி ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாச்சு, முதலாளி ஒரு வாரம் லீவும் கொடுத்துட்டார். ஊர்ல இருக்கற வண்டிக்கெல்லாம் சீட் தைச்சேன், நீ ஓட்டக் கத்துக்கிட்டப்போ மட்டும் பயந்துக்கிட்டு ஒரு நாளும் உன் வண்டியில ஏறலை. லைசென்ஸை நகல் எடுத்துப் பத்திரமா வை. நீ ஏத்திட்டுப் போற உயிரெல்லாம் பிழைக்கட்டும், நீ நூறு வயசு நல்லா இரு. மறக்காம ஸ்டேஷனுக்கு யார்கிட்டயாவது ஒரு வண்டி இரவல் வாங்கிட்டு வந்து நீயே ஓட்டு, ஆம்புலன்ஸ் வேண்டாம், எனக்கு ஒண்ணும் ஆகலை. பயம் வந்தா நான் கண்ணை மூடிக்கறேன், நீ என்னைப் பார்க்காம ரோட்டைப் பாரு.

இப்படிக்கு,
உன் பக்கத்து சீட்டுல உட்காரப் போற
அம்மா