சும்மாட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய பேர்

அன்புள்ள மகள் கலைமதிக்கு, அப்பா ராஜவேல் சொல்லச் சொல்ல எழுதுவது. மரக்காணத்தில் நானும் உன் அம்மாவும் அண்ணன் செந்தமிழும் நடமாட்டமாக இருக்கிறோம். அகமதாபாத்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். மூன்று நாளாக நீ போன் போடுகிறாய், நான் எடுக்கவில்லை. அப்பாவுக்கு என்மேல் கோபமா என்று அம்மாவிடம் அழுதாயாம். கோபம் இல்லைம்மா, பயம். அதனால்தான் பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடை ஆரிஃபாவிடம் வந்து உட்கார்ந்திருக்கிறேன். வழக்கமாக நமக்கு மனு எழுதுகிற ஜெயப்ரியாவிடம் போகவில்லை, ஏன் என்று கீழே தெரியும். ஆரிஃபா, எதுக்கு தாத்தா லெட்டரு, வாட்ஸ்அப்புல பேசி அனுப்பிடலாமே என்கிறாள். பேசினால் பாதியில் நிறுத்திவிடுவேன், நீ எழுது தாயி என்றேன்.

இங்கே போன வாரம் அடித்த ஒரு மழையில் அள்ளாமல் கிடந்த உப்பெல்லாம் கரைந்துபோச்சு. இன்னும் பத்து நாளில் உப்பளத்தை மூடிவிடுவார்கள். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. நீ டிசைன் காலேஜில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, அதற்குள் வாத்தியார் எல்லார் முன்னாலும் உன் படத்தைக் குறை சொன்னார், கூடப் படிக்கிறவர்களிடம் பெரிய கம்ப்யூட்டர் இருக்கிறது, இங்கிலீஷ் வாயில் வரவில்லை என்று சொன்னாய். வாத்தியார் குறை சொன்னால் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்தாதே, எந்த இடம் சரியில்லை என்று அங்கேயே நின்று கேள். கம்ப்யூட்டர் வைத்திருக்கிற பிள்ளையிடம் வெட்கப்படாமல் உட்கார்ந்து கற்றுக்கொள். அட்டை வெட்டும்போது பிளேடை விரல் பக்கம் இழுக்காதே. இதையெல்லாம் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது, இனிமேல் சொல்லப் போவதற்குத்தான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை செந்தமிழ் உன் போட்டோவைக் காட்டினான். வெள்ளைத் துணி விரித்த மேசைமேல் நீலக் கலரில் ரப்பர் சும்மாடு, பக்கத்தில் ஒரு அட்டை. என்ன எழுதியிருக்குது என்று கேட்டேன். உப்புக்கூடை சுமப்பவர்களுக்கான சும்மாடு, வடிவமைப்பு கலைமதி ராஜவேல், முதலாம் ஆண்டு என்று வாசித்தான். வேற பேர் இருக்குதாடா என்றேன். இல்லப்பா என்றான். உனக்குப் போன் போட்டேன். அது உங்க ஐடியாதானேப்பா, பேப்பர்லகூட வந்துச்சே, அப்பா பொருளை மக போட்டா தப்பா என்று சிரித்தாயே, அந்தச் சிரிப்பில்தான் நான் போனை வைத்துவிட்டேன்.

அது என் யோசனை இல்லை. என்னோடு அளத்தில் உப்புக்கூடை சுமக்கிற ஆண்டாளுடையது. எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் நடந்தது ஒன்றுகூட மறக்கவில்லை. தானே புயல் அடித்த பிறகு வந்த மாசி மாசம், மயானக்கொள்ளைக்கு மறுநாள். நீ ஒன்றாம் வகுப்பு. ஈர உப்பைக் கூடையில் சுமக்கும்போது தண்ணீர் வடிந்து கண்ணெல்லாம் எரியுமே, அதற்கு ஆண்டாள் என் சைக்கிளின் கிழிந்த டியூபை வாங்கி, வலை நூலால் தைத்து, தண்ணீர் முகத்தில் வழியாமல் பின்பக்கமாகப் போகிற மாதிரி விளிம்பு வைத்து ஒரு சும்மாடு செய்தாள். முதலாவது சரிந்து கூடையோடு விழுந்தாள். சைக்கிள் டியூபை தலையில வச்சா நீ என்ன வண்டியாடி ஓட்டப்போற என்று மேஸ்திரி கத்தினான். இரண்டாவது சூட்டில் இளகிப்போச்சு. மூன்றாவதுதான் நின்றது. பங்குனியில் ஒரு பேப்பர்காரர் வந்தார். அன்றைக்கு ஆண்டாள் பெருமுக்கல் மலைக்கோயிலுக்குப் போயிருந்தாள். யார் செஞ்சது என்று கேட்டார். நான் சும்மாட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். நாங்கதான் என்றேன். நாங்க என்றால் என்ன, உங்க பேர் சொல்லுங்க என்றார். சொல்லிவிட்டேன். டியூப் என்னுடையதுதானே என்று மனசுக்குள் ஒரு சாக்கு. வாசிக்கத் தெரியாததால் பேப்பரில் என்ன போட்டிருந்தது என்று தெரியாது என்று இன்றைக்குச் சொல்லலாம். அதுவும் பொய். அன்றைக்கே நாலு பேரிடம் கொடுத்து நாலு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டவன் நான். கண்ணாடி போட்டுக் காலண்டர் பக்கத்தில் மாட்டினேன், நீ அதைப் பார்த்தே வளர்ந்தாய். ஆண்டாள் அந்த சீசன் முடிகிறவரை என் பானையில் தண்ணீர் குடிக்கவில்லை, அவ்வளவுதான். அப்படிப்பட்டவள் நீ கிளம்பும்போது, பழசுதான் பாப்பா, எடுத்துட்டுப் போடி என்று தன் சும்மாட்டை உன் பையில் வைத்தாள்.

அடுத்த வாரம் புதன்கிழமை வெளியிலிருந்து ஆட்கள் வந்து மார்க் போடுவார்கள் என்றாய். அதற்குமுன் அந்த அட்டையை மாற்று. சொந்த யோசனை இல்லை என்று மார்க்கைக் குறைத்தால் குறைக்கட்டும். நீ மாற்றியது கலர் என்றால் கலர் மட்டும் உன்னுடையது என்று எழுது. நீ தெரியாமல் செய்தாய், நான் தெரிந்தே செய்தேன்.

இதுவரைக்கும் ஆரிஃபா எழுதியது. கவரை ஒட்டப் போகும்போது, ஏன் தாத்தா, அந்த ஆண்டாளம்மாவுக்கு இது தெரியுமா என்று கேட்டுவிட்டாள். ஒட்டாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இனிமேல் வருவது ஜெயப்ரியா கையெழுத்து. சாயங்காலம் ஆண்டாள் வீட்டுக்குப் போய் அவள் மகள் ஜெயப்ரியாவையே வாசிக்கச் சொன்னேன். நடுவில் ஜெயப்ரியா நிறுத்தினாள், படிடி என்றாள் ஆண்டாள். முடிந்ததும், பதினோரு வருசமா இதை வயித்துல வச்சிருந்தியா நீ என்றாள். உட்காரச் சொல்லவில்லை, நான் நின்றுகொண்டேதான் சொல்கிறேன். பிறகு உன் போட்டோவைக் கேட்டு வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். தையல் இல்லாமல் பசையால் ஒட்டியிருக்கிறாயாம், உப்புத்தண்ணீர் பட்டால் ஒரே வாரத்தில் பிரிந்துவிடுமாம், வலை நூலால் இரட்டைத் தையல் போடச் சொன்னாள். விளிம்பும் இரண்டு விரல் குறைகிறதாம். அட்டையில் புருஷன் பேரைச் சேர்க்க வேண்டாம், ஆண்டாள் என்று மட்டும் போடட்டும் என்றாள்.

கண்ணாடிப் படத்தைக் கழற்றிவிட்டேன். சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது, நீ லீவுக்கு வரும்போது கேட்காதே. நாளைக் காலையில் இதை ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன். படிப்பும் கையும் உனக்கு நன்றாக வரட்டும், உடம்பைப் பார்த்துக்கொள். அட்டையை மாற்றியதும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பாதே, ஜெயப்ரியாவுக்கு அனுப்பு, அவள் அவளுடைய அம்மாவுக்கு வாசித்துக் காட்டட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா ராஜவேல்
(இடது கைப் பெருவிரல் ரேகை)