ராஜமலையில் பார்த்த வரையாடு

14 நவம்பர் 1999, ஞாயிறு

மூணாறிலிருந்து கிழக்கேகோட்டை வீட்டுக்கு வந்து சேர இரவு மணி ஒன்பது. அவர் தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

காலையில் ஊர் திரும்பும் முன் ராஜமலைக்குப் போய்க் காரை நிறுத்தினோம். வரையாடு பார்க்க வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை. மேலே நடந்தோம். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் அடி தெரியாத பள்ளம். பத்தடி தூரத்தில், பாறை விளிம்பில், பெரிய கடா ஒன்று எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது.

"ஏன்னா, பாத்தேளா?" என்றேன்.

"பாத்தேன்டி. கொம்பு என்ன வளைவு!" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

அவர் பார்த்தது பள்ளத்துக்கு அப்பாலிருந்த வெறும் புல்மேட்டை.

வரும்போது ஒரு வளைவில் லாரிக்கு ஒதுங்கத் தாமதித்தார் என்று அவரைத் திட்டியிருந்தேன். கவனக்குறைவு என்றல்லவா நினைத்தேன்!

"ஆமாம், என்ன அழகு" என்று சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

கார் பக்கத்தில் வந்ததும், "எனக்குத் தலை சுத்தறது. உங்க மேல சாஞ்சுண்டு வரணும் போல இருக்கு. டிரைவர் யாரையாவது வச்சுக்கலாமே" என்றேன். ஸ்டியரிங்கை யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனுஷர், சாவியை என் கையில் வைத்தார். அங்கேயே வண்டி ஓட்ட ஒருவர் கிடைத்தார்.

பின்சீட்டில் என் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டே வந்தார். கொட்டாரக்கரை தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்: "அது எந்தப் பக்கம்டி நின்னுது?"

"இடது பக்கம்" என்றேன். பிறகு கொம்பு, தாடை, பிடரி மயிர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

நாளைக்கு முதல் வேலை கண் ஆஸ்பத்திரி. வரேன் என்று சொல்லியிருக்கிறார்.