இடது கை ஓரம்

ஜூன் 3, திங்கள்

காதின் குறுக்குவெட்டுப் படத்தை மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பிவிட்டார் முதலாளி. படம் சரியாம். பெயர் எழுதிய இடமெல்லாம் பென்சில் தேய்ந்திருக்கிறதாம். தேயாமல்? இடது கையால் எழுதுகிறவள் நான், எழுதிய எழுத்தின் மேலேயே கை நகரும். பதினாறு வருடமாக இந்தப் பதிப்பகத்தின் பாடநூல்களுக்குப் படம் போடுகிறேன், இன்றைக்குத்தான் கண்ணில் பட்டதா?

பேனாவால் திரையிலேயே வரைகிற பெரிய டேப்லெட் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். என் வரைபலகை அளவு இருக்கும். கேட்டேன். "உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? நீ பேப்பர்லயே நல்லாத்தானே போடுற" என்றார். கொடுத்தது யாருக்கு? அவர் மச்சானுக்கு.

நல்லா போடுறேனாம். அப்புறம் எதுக்குய்யா மூணு தடவை திருப்பி அனுப்பின?

ஜூன் 5, புதன்

மச்சான் விற்பனைப் பிரிவு. கடைக்காரர்களிடம் அதில் கையெழுத்து வாங்குகிறான், கூட்டத்தில் குறிப்பெழுதுகிறான். சரி, அதுவும் வேலைதான். மற்ற நேரம்? இன்று அதன் மேல் டீ டம்ளர். குரங்கு கையில் பூமாலை.



ஜூன் 9, ஞாயிறு

இவர் துணி துவைத்தார். என் சட்டையின் பென்சில் கரி படிந்த இடது கை ஓரத்தைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டே, "நீ படம் போடுறியா, அடுப்பு துடைக்கிறியா?" என்றார். எப்போதும் சிரிப்பேன். இன்று எரிந்து விழுந்துவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்.

ஜூன் 12, புதன்

பாடம் எழுதிய பேராசிரியை வந்திருந்தார். காது நரம்பு தவறான இடத்தில் இருக்கிறது, இப்போதே மாற்றிக் காட்டுங்கள் என்றார். ஸ்கேன் செய்த படம் டேப்பில் இருந்தது, மச்சானுக்கு ஒரு கோடு நேராக வரவில்லை. வேறு வழியில்லாமல் என்னைக் கூப்பிட்டார்கள்.

பேனாவைப் பிடித்து வரைந்தால், என் உள்ளங்கை பட்ட இடமெல்லாம் கிறுக்கல். "பீச்சாங்கைக்கு அதுவும் மடங்கல" என்று சிரித்தான் மச்சான். பல்லைக் கடித்துக்கொண்டு செட்டிங்ஸுக்குள் போனேன். அங்கே ஒரு கேள்வி இருந்தது: எந்தக் கையால் எழுதுவீர்கள்?

அம்மா கையைக் கட்டிப்போட்டாள். வாத்தியார் ஸ்கேலால் விளாசினார். எல்லோரும் கேட்டது, ஏன் அந்தக் கையால எழுதுற என்று. எந்தக் கை என்று ஒருத்தர் — ஒரே ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. நாப்பத்தோரு வயசுல ஒரு மெஷின் கேக்குது!

'இடது' என்பதை அழுத்தினேன். பழைய நரம்பை அழித்து, புதிதாக வரைந்து, பெயர்களையும் எழுதினேன். பத்து நிமிடம். ஒரு எழுத்துகூடத் தேயவில்லை. பேராசிரியை அங்கேயே சம்மதக் கையெழுத்துப் போட்டார்.

திரும்ப வலதுக்கு மாற்றி வைக்கவில்லை. வேண்டுமென்றேதான்.

ஜூன் 17, திங்கள்

பேனா கெட்டுப்போச்சு என்று மச்சான் குதிக்கிறான். கை பட்டாலே கிறுக்குகிறதாம். யார் தொட்டது என்றார் முதலாளி.

"நான்தான் சார். இடது கைக்கு மாத்தினேன்."

"திரும்ப மாத்திக் குடு."

"தரேன். ஆனா இனிமே தேய்ஞ்சிருக்குன்னு ஒரு படத்தையும் திருப்பி அனுப்பாதீங்க."

அவர் டேப்பை மச்சானிடம் கொடுக்காமல் என் பக்கம் தள்ளினார். தேய்ந்த மூன்று காதுகளும், டேப்பிலிருந்து அச்செடுத்த தேயாத ஒரு காதும் அவர் மேஜையில்தான் கிடந்தன.

ஜூன் 30, ஞாயிறு

துணி அலசிய ஈரக்கையோடு இவர் வந்தார். என் சட்டையின் இடது கை ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பென்சில் கரி துளியும் இல்லை.

"ரெண்டு வாரமா நீ வேலைக்குப் போறியா, இல்லையா?"