வரைபடத்துக்கு வெளியே நம் ஊர்

வரைபடத்தை விரித்ததும் முதலில் வந்தது புகை வாசனை. விறகடுப்புப் புகை, அதோடு கொஞ்சம் டெட்டால், கொஞ்சம் காய்ந்த காளான். மடிப்புகள் கிழியாமல் இருக்க உள்பக்கம் பிளாஸ்திரி ஒட்டி, பத்திரமாகத்தான் அனுப்பியிருக்கிறார் உன் கணவர். அங்கே ரஷ்யாவில் மருத்துவம் படிக்கிற பட்டுக்கோட்டைப் பெண் ஒருத்தி விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தாள். நீ வைத்தியம் பார்த்த அறையின் சுவரில் மாட்டியிருந்ததாம். என்னிடம்தான் சேர்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாராம். காபி போட்டுக் கொடுத்தேன். அவள் கிளம்பும்வரை அதை நான் பிரிக்கவில்லை.

இப்போது அது என் சாப்பாட்டு மேசை முழுவதையும் அடைத்துக்கொண்டு கிடக்கிறது. இரண்டு நாளாகத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறேன்.

இதுதான் உன் ராயோன். நம் தாலுக்கா மாதிரி ஒரு பிரிவு என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய். பேருக்குத்தான் தாலுக்கா, நம் திருவாரூர் மாவட்டத்தையே உள்ளே போட்டாலும் ஓரத்தில் இடம் மிஞ்சும் என்றும் எழுதியிருந்தாய். ஆட்களைப் பற்றிக் கேட்டதற்கு, "தேரோட்டத்தன்னிக்குத் தெற்கு வீதியில ஒரு பக்கமா நிக்குற கூட்டம்தான்டி என் ராயோன் மொத்தமும்" என்று போனில் சொன்னாய். வடக்கே சதுப்பு. தெற்கே வெள்ளைப் பட்டை உரியும் பிர்ச் மரக் காடு. நடுவில் ஒரு ஆறு. அதன் இடக்கரையில் தலைமை ஊர். ஆஸ்பத்திரி, பெரிய பள்ளிக்கூடம், அரசு அலுவலகம் எல்லாம் அங்கேதான். வலக்கரையில் சின்னச் சின்னக் கிராமங்களும் உன் கிளினிக்கும். ஆற்றுக்குப் பாலம் கிடையாது.

நாம் இரண்டு பேரும் திருவாரூரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். நீ மருத்துவம் படிக்க ரஷ்யா போனாய். நான் புவியியல் படித்து, நாம் படித்த பள்ளிக்கே ஆசிரியையாகத் திரும்பி வந்தேன். படிப்பு முடிந்ததும் நீயும் வந்துவிடுவாய் என்று ஊரே நினைத்திருந்தது. நீயோ ஒரு கால்நடை மருத்துவரைக் கல்யாணம் செய்துகொண்டு, வரைபடத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடவேண்டிய அவர் ஊரில் போய் உட்கார்ந்துகொண்டாய். புவியியலில் எப்போதும் என்னைவிடக் குறைவாக மார்க் வாங்கியவள் நீ. கடைசியில் எனக்கே பாடம் எடுக்க ஆரம்பித்தாய்.

உன் கடிதங்களை வகுப்பில் வாசித்துக் காட்டுவேன். கோடையில் படகு, குளிரில் உறைந்த ஆற்றின் மேலேயே லாரி. இலையுதிர் காலத்தில் ஆறு உறையத் தொடங்கும்போதும் வசந்தத்தில் உடையும்போதும் சில வாரங்களுக்கு இரண்டுமே இல்லை. அப்போது வலக்கரைக்கு யாரும் வர முடியாது, அங்கிருந்து யாரும் போக முடியாது. மேட்டூரில் திறந்த தண்ணீர் நம் ஓடம்போக்கி ஆற்றுக்கு என்றைக்கு வந்து சேரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்கு இதை விளங்கவைப்பதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிடும். நீ ஒரே வரியில் சொல்லிவிட்டாய்: "நம்ம ஊருல தண்ணி ஓடுனாத்தான் பொழப்பு. இங்க தண்ணி நின்னாத்தான் பாதை."

ஆறு நன்றாக உறைந்த பிறகு உன் கணவரின் வண்டியில் வலக்கரைக் கிராமங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு சுற்றுப் போவாய். ரத்த அழுத்தம் பார்ப்பாய், மாத்திரை கொடுப்பாய், தலைகளை எண்ணுவாய். அந்த எண்ணைத்தான் இந்த வரைபடத்தில் ஒவ்வொரு ஊர்ப் பெயருக்குப் பக்கத்திலும் பென்சிலால் குறித்திருக்கிறாய். அடித்து அடித்து எழுதியதில் சில இடங்களில் தாள் தேய்ந்துபோயிருக்கிறது. எண்கள் குறைந்துகொண்டேதான் வருகின்றன. சில ஊர்களில் சுழி. ஆள் இல்லாவிட்டாலும் பட்டியலிலிருந்து ஊரின் பெயரை எடுப்பதில்லை என்று ஆச்சரியமாக எழுதியிருந்தாய். நம் தாலுக்காப் பட்டியலிலும் ஒரு வீடுகூட இல்லாமல் வயல் மட்டுமே உள்ள கிராமம் உண்டு, ரெவின்யூக்காரர்கள் அதைப் பேச்சிராக் என்பார்கள், விளக்கில்லாத ஊர் என்று அர்த்தம் என்று பதில் எழுதினேன். அந்த வார்த்தை உனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

நமக்குள் ஒரு சங்கடம் வந்ததும் இந்தத் தலை எண்ணுகிற வேலையில்தான்.

போன மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆசிரியர்களுக்கெல்லாம் டியூட்டி போட்டார்கள். எனக்கு நம் தெருவே விழுந்தது. சம்பா அறுப்பு முடிந்து வயலெல்லாம் உளுந்து நின்ற சமயம். உன் அம்மா மோர் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். வீட்டில் எத்தனை பேர் என்று முறைப்படி கேட்டேன். இரண்டு பேர் என்றார். உன்னை எழுத முடியாது, நீ இங்கே வசிக்கவில்லை என்று விளக்கினேன். கேட்கவில்லை. உன் கட்டிலைக் காட்டினார். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த உன் தட்டைக் காட்டினார். ரேஷன் கார்டை எடுத்துவந்து அதிலிருந்த உன் பெயரில் விரலை வைத்தார்.

"அவ வருவா. நான் சொல்றேன்ல? ரெண்டு பேருன்னு எழுதிக்க."

நான் ஒன்று என்று எழுதினேன். "எழுதிட்டேன்மா" என்றேன். படிவத்தை வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். இல்லாத உன் பெயரையும் வயதையும் சேர்த்து, தாளைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். அரசாங்கத்துக்கு உண்மையும் உன் அம்மாவுக்குப் பொய்யுமாக ஒரே மூச்சில் முடித்துவிட்டு எழுந்துவந்தேன். அன்று முழுக்க மனசு சரியில்லை.

அன்று சாயங்காலமே உன் போன் வந்தது. அம்மா சந்தோஷமாகச் சொன்னாராம். நீ நேராகக் கேட்டாய்: "நெசமாவா எழுதுன?" இல்லை என்றேன். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றாய். பிறகுதான் உன் கதையைச் சொன்னாய். வலக்கரையில் ஆள் இவ்வளவுக்குக் கீழே போனால் கிளினிக்கை மூடிவிடுவார்களாம். அந்தக் குளிரில் எண்ணியபோது கொஞ்சம் குறைந்ததாம். நகரத்துக்குப் போய்விட்ட பிள்ளைகளையும் சேர்த்து எழுதச் சொல்லி வீட்டுக்கு வீடு கிழவிகள் கேட்டார்களாம். உருளைக்கிழங்கு நடுவதற்கு வருகிறானே, அவன் போர்வை இங்கேதானே இருக்கிறது என்றார்களாம்.

"எழுதலாமாடி?" என்று கேட்டாய்.

எனக்கு விதிதான் தெரியும். கூடாது என்றேன்.

நீயும் எழுதவில்லை. அடுத்த வருடம் கிளினிக்கை மூடினார்கள். உன்னை இடக்கரை ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். நீ போகவில்லை. வேலையை விட்டுவிட்டு, உன் வீட்டு முன்னறையில் ஒரு கட்டிலைப் போட்டு, இந்த வரைபடத்தைச் சுவரில் மாட்டி உட்கார்ந்துவிட்டாய். அப்போதுதான் உன் கூட்டல் கணக்கு ஆரம்பித்தது. அலுவலகத்துக்கு இனி எண் அனுப்ப வேண்டியதில்லை, என் சுவர், என் இஷ்டம் என்றாய். இருப்பவர்கள் நான்கு, வீட்டுக்காரர்கள் வருவான் என்று சொல்கிற ஆட்கள் இரண்டு என்றால், 4 + 2. அதற்கும் ஒரு விதி வைத்திருந்தாய்.

"வருவான்னு சொல்ல ஊருல ஒரு ஆள் இருக்கணும். அந்த ஆள் போயிட்டா கூட்டலை அழிச்சிடுவேன்."

எண்ணத் தெரியாதவள் மாதிரி இதென்ன கூத்து என்று கிண்டல் செய்தேன். எந்தப் பாடப்புத்தகத்திலும் இப்படி ஒரு மக்கள்தொகை கிடையாது என்றேன். அதனால் என்ன என்று சிரித்தாய்.

மூன்று வருடத்துக்கு முன் அம்மா இறந்தபோது பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் உன்னால் வந்து சேர முடிந்தது. அதற்குப் பிறகு இங்கே இருந்த பதினைந்து நாளும் உன் கட்டிலில்தான் படுத்தாய், உன் தட்டில்தான் சாப்பிட்டாய். கிளம்பும்போது வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தாய். படிவத்தில் உன் பெயர் இல்லை என்பது கடைசிவரை அம்மாவுக்குத் தெரியாது. நாம் இருவரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அதற்குப் பிறகு வீடு விலைக்கு வருமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டு வந்தார்கள். ஒவ்வொருவரிடமும், "இல்லைங்க, அவ வருவா" என்று சொல்லி அனுப்பினேன். போனில் உன்னிடம் சொன்னபோது, "அப்படியா சொன்ன?" என்று கேட்டாய். மறுபடி, "அவங்ககிட்ட அப்படியேவா சொன்ன?" என்றாய். எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

போன இலையுதிர் காலத்தில், ஆறு உறைந்தும் உறையாமலும் இருந்த வாரங்களில் உனக்குப் பக்கவாதம் வந்தது. படகு நின்றுவிட்டது, பனிக்கட்டி இன்னும் கெட்டிப்படவில்லை. வலக்கரையில் இருந்த ஒரே டாக்டர் நீதான். மூன்றாம் நாள் ஹெலிகாப்டர் வந்தபோது நீ இல்லை என்று உன் கணவர் எழுதியிருந்தார். கிளினிக்கை மூடாமல் இருந்திருந்தால் அங்கே இன்னொரு டாக்டரோ நர்ஸோ இருந்திருப்பார்கள். அன்று நான் கூடாது என்று சொல்லாமல் இருந்திருந்தால் நீ எழுதியிருப்பாயோ என்று பலமுறை நினைத்துவிட்டேன். "உன்னையக் கேட்டா நான் எல்லாத்தையும் செஞ்சேன்?" என்று நீ எரிந்து விழுந்திருப்பாய். இருந்தாலும் அந்த நினைப்பு போகமாட்டேன் என்கிறது.

இப்போது மறுபடி கணக்கெடுப்பு வந்திருக்கிறது. இந்தத் தடவை தாள் இல்லை, செல்போனில் செயலி. ஓய்வுக்கு முன் கடைசி டியூட்டி எனக்கு. மறுபடி நம் தெருதான். பூட்டிய வீட்டுக்கு என்ன பதிய வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

நேற்றுச் சாயங்காலம்தான் வரைபடத்தின் கீழ் ஓரத்தைக் கவனித்தேன். ராயோன் எல்லைக்கோட்டுக்கு வெளியே, வெள்ளையாக விட்டிருக்கும் இடத்தில், உன் கோணல் கையெழுத்தில் நம் ஊரின் பெயர். தமிழில். பக்கத்தில் முதலில் 1 + 1 என்று எழுதியிருக்கிறாய். அம்மாவும் நீயும். அம்மா போன பிறகு முதல் ஒன்றை அடித்துச் சுழி போட்டிருக்கிறாய். இப்போது அது 0 + 1.

கூட்டலை மட்டும் நீ அழிக்கவே இல்லை. உன் விதிப்படி, வருவாள் என்று சொல்ல ஊரில் ஒரு ஆள் இருந்தால்தான் அது இருக்க முடியும். நின்று யோசித்தேன். அந்த ஆள் நான். படிவத்தில் உன் பெயரை எழுத மறுத்த நானேதான். அதைப் புரிந்துகொண்டதும் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு அழுதேன்.

அடுத்த வாரம் உன் வீட்டு வாசலில் நின்று, பூட்டிய வீடு என்று சரியாகப் பதிவேன். அதில் ஒரு எழுத்துப் பொய் இருக்காது. இந்தத் தாளில் பாக்கி இருக்கிற அந்த ஒன்றை அழிக்க வேண்டியவளும் நான்தான். இந்த ஊரில் உனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அழிக்கத்தான் ரப்பரை எடுத்துவந்தேன்.

அப்போது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். உன் வீட்டை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்திருந்தார். நீ போன செய்தி அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. "இல்லைங்க, அவ வருவா" என்று சொல்லிவிட்டேன்.