அது வேறு நட்சத்திரம், அக்கா

என் ஆசை அக்காவுக்கு,

உன் ஜாக்கெட்டுகளை எல்லாம் எடுத்து, எனக்கு அளவு பிடித்துக்கொள்ளச் சொல்லி அம்மா என் கையில் கொடுத்தாள். வீணாகத்தானே கிடக்கிறது என்கிறாள். நீ போய் வருஷம்கூடத் திரும்பவில்லை. இன்றைக்கு ஜாக்கெட், நாளைக்கு உன் வீடு.

உன் வீட்டுக்காரருக்கு என்னைக் கட்டிவைப்பது என்று பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். மாமா நல்ல மனுஷர், அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்தால் சண்டையாவது போடலாம். அவரோ இங்கே வந்தாலும் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு குடோனுக்குப் போய்விடுகிறார். அவரை யார் கேட்டார்கள்? என்னைத்தான் யார் கேட்டார்கள்?

நான் முரண்டு பிடித்தபோது அம்மா ஒரே பேச்சில் வாயை அடைத்தாள். "நீ மாட்டேன்னா வேற எவளாச்சும் வருவா கண்ணு. அப்பறம் யாழினிய உன்ற கண்ணுல காட்டுவாளா?" உன் மகளை விட்டு என்னால் இருக்க முடியாது. அவளை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் நான் நீயாக வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

நீ போனதிலிருந்து யாழினி எங்களோடுதான் இருக்கிறாள். இந்த வருஷம் ஐந்தாம் வகுப்பு, அதுவும் என் வகுப்பு. பள்ளியில் நான் மிஸ், வீட்டில் சின்னம்மா. இனிமேல் அம்மா என்று கூப்பிட்டுப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து வீட்டில் அவள் என்னை எப்படியுமே கூப்பிடுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து சும்மா நிற்கிறாள்.

நேற்று நட்சத்திரம் பிறந்து வளர்ந்து முடிகிற கதையைப் பாடம் எடுத்தேன். உன்னை எடுத்துப்போன அன்று, அம்மா நட்சத்திரமாகிவிட்டாள் என்று இவளிடம் எத்தனை பேர் சொன்னார்கள் தெரியுமா? அந்தக் குழந்தை முன்னால் நட்சத்திரமும் சாகும் என்று எப்படிச் சொல்வது? அணைந்துவிடும் என்று மழுப்பினேன். பெரிய நட்சத்திரமாக இருந்தால் கடைசியில் வெடித்துச் சிதறும், அந்தத் தூசியும் வாயுவும் வேறு மேகங்களோடு சேர்ந்து, இறுகி, புதுசாக ஒன்று பிறக்கும் என்று வேகமாக முடித்தேன்.

யாழினி எழுந்தாள். அப்பாவின் குடோனில் வளர்ந்தவள் இல்லையா? பனியன் கம்பெனிகளில் துணி வெட்டும்போது மிஞ்சும் கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாக வருவதும், அதை நிறம் நிறமாகப் பிரிப்பதும், மில்லில் பஞ்சாகக் கிழித்து மறுபடி நூலாக்குவதும் அவளுக்கு அத்துப்படி. அந்த மாதிரியா என்று கேட்டாள்.

அதேதான் என்றேன். எனக்குப் பூரித்துப்போயிற்று. பிள்ளை மனசு ஆறட்டுமே என்று, போன நட்சத்திரமே திரும்பி வந்த மாதிரிதான் என்று ஒரு வார்த்தை சேர்த்தும் சொன்னேன்.

அவள் உட்காரவில்லை. "இல்லீங்க மிஸ். அந்த நூல்ல வர்றது வேற துணிங்க. பழைய துணி திரும்பி வராதுங்க. அப்ப இதும் வேற நட்சத்திரந்தானுங்க?"

ஆமாம், வேறு நட்சத்திரம் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கு ஒழுங்காக மூச்சே வந்தது.

சாயங்காலம் ஸ்கூட்டியில் வரும்போது, பல்லடம் ரோட்டில் பஸ்காரர்கள் ஹாரன் அடித்துத் துரத்துகிற சத்தத்துக்கு நடுவில், என் முதுகில் முகம் வைத்துக் கேட்டாள். "நான் உங்களச் சின்னம்மான்னே கூப்பிடட்டுங்களா?"

வண்டியை ஓரம் கட்டினேன். கூப்பிடு சாமி என்றேன். ரெண்டு பேரும் அங்கேயே நின்று அழுதோம்.

ஞாயிற்றுக்கிழமை தேதி குறிக்க வருகிறார்கள். மாட்டேன் என்று சொல்லப்போகிறேன். மாமாவுக்கு வேறு பெண் பார்ப்பார்கள், யாழினியும் அந்த வீட்டுக்கே போய்விடுவாள். வருகிறவள் என்னை வாசலோடு நிறுத்தலாம். இந்த வருஷம் வகுப்பிலாவது பார்த்துக்கொள்வேன், அதற்கப்புறம்? பயமாக இருக்கிறது அக்கா. நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

ஜாக்கெட்டுகளைத் தைக்கக் கொடுக்கவில்லை. மடித்து யாழினியின் துணிகளோடு வைத்துவிட்டேன். உன் இடத்தில் நான் உட்கார மாட்டேன். ஆனால் யார் கதவைச் சாத்தினாலும் உன் மகளைப் பார்க்கப் போவேன், திறக்கிறவரைக்கும் தட்டுவேன். இது சத்தியம்.

உன் தங்கச்சி,
யாழினியின் சின்னம்மா,
சுமதி